கீழ் லயத்துத் தேத்தண்ணி

8 ஜூலை 1978

மழை விடவில்லை. ஊட்டி கல்லூரி விடுதியிலிருந்து நடுவட்டம் பஸ் பிடித்து எஸ்டேட் வந்து சேர்வதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். வந்ததும் வராததுமாக அம்மாவின் புலம்பல். மேல் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்காம். குழாயடியில் அந்த லயத்துப் பாலாமணி அக்கா அம்மாவிடம், "ஏனுங்க, நாங்க புடிச்சு முடிச்சப்புறம் நீங்க வாங்க. உங்காளுக கப்பல்ல கொண்டாந்த சீக்குதானுங்க இது" என்றாராம். அவருடைய கைக்குழந்தைக்கும் கண்டிருக்கிறது. பயத்தில் பேசுகிறார், புரிகிறது. ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் சிலோனை விட்டு வந்து ஏழு வருஷம். ஏழு வருஷம் டிரங்குப் பெட்டிக்குள் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டா சீக்கு இப்போது வெளியே வரும்?

9 ஜூலை

பி.எஸ்ஸி. கடைசி வருட ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது!

13 ஜூலை

'லயங்களின் குடிநீரும் வயிற்று நோயும்'. எங்கள் பேராசிரியர் ஆறுமுகசாமி சார் ஒத்துக்கொண்டார். என் கேள்வித்தாளை அவரே திருத்திக் கொடுத்தார். "உங்க ஊட்டுக்கும் ஒரு தாள் எழுதோணும்மா, விட்டுடாதே."

23 ஜூலை

முப்பது வீடும் முடிந்தது. எங்கள் கீழ் லயம் முழுக்கச் சிலோன்காரர்கள், பதினாறு வீடு, மூன்றில்தான் நோய். மேல் லயத்தில் பதினான்கில் பதினொன்று. 'தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா?' முப்பது வீட்டிலும் 'இல்லை'. எங்கள் வீட்டுத் தாளில் நானே 'இல்லை' என்று எழுதினேன்.

இரண்டு லயத்துக் குழாய்க்கும் தண்ணீர் வருகிற தொட்டிக்கு மேட்டில் மாட்டுக் கொட்டகை. சாணித் தண்ணீர் அழகாக வழிந்து தொட்டிக்குள் இறங்குகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு சோதனைக்கு ஒரு பாட்டில் பிடித்தேன்.

27 ஜூலை

தொட்டித் தண்ணீரில் கிருமி இருக்கிறது. துள்ளிக் குதித்துக்கொண்டு போனேன். சார் தாள்களைப் புரட்டிவிட்டு மேஜையில் வைத்தார்.

"ஒரே தொட்டி, ஒரே தண்ணி. ரெண்டு பக்கமும் காய்ச்சறதில்ல. உங்க லயத்துக்கு மட்டும் எப்படிம்மா வராம இருக்கும்? உங்காளுகன்னு கொறச்சு எழுதிட்டயா?"

விடுதிக் குளியலறையில் போய் அழுதேன். வெட்கத்தில் இல்லை, கோபத்தில். நான் பொய் எழுதுவேனா? எம்மேலயா சந்தேகம்? ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் வெளியாள் ஒருவரோடு திரும்ப எண்ண வேண்டுமாம், இல்லையென்றால் தலைப்பை மாற்ற வேண்டுமாம். மாற்றினால் அம்மா குழாயடியில் காலத்துக்கும் கடைசியில்தான் நிற்பாள்.

29 ஜூலை

கூடப் படிக்கிற ஐவி, எண்ணுவதற்குத் தான் வருகிறேன் என்றாள். ஊட்டி பெர்ன்ஹில்லில் வசதியான வீட்டுப் பெண், செருப்பில் சேறு பட்டாலே முகம் சுளிப்பாள். பார்ப்போம்.

5 ஆகஸ்ட்

ஒரே சந்தோஷம். வரிசையாக எழுத வேண்டும்.

இரண்டு லயத்தையும் திரும்ப எண்ணினோம். எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் எங்கள் லயத்தில் நுழைகிற வீட்டிலெல்லாம் ஐவிக்குத் தேத்தண்ணி. டீயைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். ஏழாவது வீட்டில் அவள் தாங்க மாட்டாமல், கொஞ்சம் தண்ணீர் மட்டும் போதும் என்றாள். பொன்னாயி பெரியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இந்தக் குளிருல பச்சத்தண்ணியா? நெஞ்சு கட்டிக்கும் புள்ள. இந்தா, தேத்தண்ணி குடி."

வெளியே வந்ததும் ஐவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "உங்க லயத்துல யாருமே தண்ணி குடிக்க மாட்டீங்களாடி?"

அப்படியே நின்றுவிட்டேன். மாட்டோம்! நான் கடைசியாக எப்போது குடித்தேன்? விடிந்தால் தேத்தண்ணி, கொழுந்து பறிக்கப் போனால் போத்தலில் தேத்தண்ணி, சோறு தின்றாலும் அதுதான். பால் கிடையாது, உள்ளங்கையில் துளி சீனியை நக்கிக்கொண்டு வெறும் சாயம். மேல் லயத்தில் பால் டீ காலையும் மாலையும் மட்டும், நடுவில் தாகமெடுத்தால் குழாய்த் தண்ணீர். கொதிக்காமல் தேத்தண்ணி ஏது? ஆனால் தண்ணீர் காய்ச்சுகிறாயா என்றால் எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வராது. எனக்கே வரவில்லையே, மக்கு!

நோய் கண்ட அந்த மூன்று வீட்டுக்கும் ஓடினேன். மூன்றிலும் படுத்தது சின்னப் பிள்ளைகள். தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைமடுவத்தில் விட்டுப்போகிற பிள்ளைகள். அங்கே குடிப்பது குழாய்த் தண்ணீர்.

சேற்றிலேயே ஐவியைக் கட்டிப்பிடித்தேன். செருப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

10 ஆகஸ்ட்

சார் இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்தார். "கேள்வியத் திருத்துனது நானு. உன்னச் சந்தேகப்பட்டது தப்புதாம்மா." கொட்டகையை மாற்றச் சொல்லி மேனேஜருக்கு அவரே கடிதம் எழுதினார்.

13 ஆகஸ்ட்

பாலாமணி அக்காவிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். குழந்தை வாடிய கீரையாகக் கிடந்தது. எல்லாம் மறந்துபோய், தொட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன். "அப்ப நாந்தான் எம்புள்ளைக்கு அதை ஊத்துனனுங்களா?" என்று உட்கார்ந்துவிட்டார். கூட வந்திருந்த அம்மா அவர் அடுப்பிலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

2 செப்டம்பர்

கொட்டகை ஓடைக்கு அந்தப்பக்கம் போயிற்று. தொட்டியைக் கழுவி மூடி போட்டார்கள். இந்த வாரம் புதிதாக யாரும் படுக்கவில்லை.

17 செப்டம்பர்

பாலாமணி அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. கீழ் லயத்துக்கும் சொல்லியிருந்தார். மேல் லயத்து வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போவது இதுதான் முதல் தடவை. கூடலூர் ரோட்டில் மண் சரிந்து, தாய்மாமன் வரவேண்டிய பஸ் வரவில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். மடியில் வைத்துக்கொள்ள மாமன் இல்லை. ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார்கள்.

பாலாமணி அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தார். "அண்ணா, நீங்க உக்காருங்க."

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. அப்பாவும் அழுதார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

இனிமேல் நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும்.