ஏரித் தண்ணீர் ஆறவில்லை

வைகாசி, செவ்வாய்க்கிழமை இரவு

பக்கத்து அறையில் என் நாத்தனார் செல்வி தூங்குகிறாள். நான் மூன்று முறை போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

மதியம் கடலை ஒட்டிய ஏரியில், முட்டியளவுத் தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கூட இருந்த மேரிதான் கரைக்கு இழுத்து வந்தாள். நான் ஓடிப்போனபோது ஏரித் தண்ணீரையே மொண்டு அவள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்தது.

சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் வெப்பம் போகும் என்று பள்ளியில் வருடாவருடம் நடத்துகிறேன். செல்வி உடம்பின் சூடு எங்கே போகும்? கடல்காற்று வரவேயில்லை. புழுக்கத்தில் வியர்வைகூடக் காயவில்லை.

"அந்தத் தண்ணிய ஊத்தாத மேரி. ஐஸ் எட்தா."

"மீன் பொட்டில கீறதா டீச்சர்?"

"அதான், சீக்கிரம்."

கழுத்திலும் அக்குளிலும் ஐஸை வைத்து, முந்தானையால் விசிறிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினோம். பொன்னேரி ஆஸ்பத்திரி வருவதற்குள் கண்ணைத் திறந்து, "இன்னா அண்ணி, குளுருது" என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஒரு வாரம் ஏரியில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு வெயில் ஏர்றதுக்குள்ள போய்ட்டு வந்துட்றேன்" என்கிறாள்.

சற்றுமுன் கரைக்குப் போய்த் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தேன். வானம் முழுக்க மேகம் மூடியிருக்கிறது; சூடு மேலே போக வழியில்லை. பகலில் ஏறிய சூடு இறங்கவேயில்லை. விடிவதற்குள் ஆறிவிடும் என்று தோன்றவில்லை. அவள் எழுந்திருக்கும்முன் நான் எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.