மாவில்லாத கூழ்

ரொறன்ரோ, மார்கழி 1994

அன்பின் இராசமணிக்கு,

நீரும் பிள்ளையளும் சுகம்தானே? எனக்கு இஞ்சை ஒரு குறையுமில்லை.

போன ஞாயிறு ஹைவேக் கரையிலை ஒரு மெக்சிக்கோக் குடும்பம் நடத்துற மீன்சாப்பாட்டுக் கடையைக் கண்டன். நண்டு, இறால், மீன்தலை எல்லாம் போட்ட சூப்பாம். எங்கடை கூழெண்டு நம்பி வாயிலை வைச்சால், பனங்கிழங்கு ஒடியல்மாவுமில்லை, புளியுமில்லை. மாட்டுக்கு வைக்கிற கழுநீர்தான்! அதை அங்கை வந்த சனங்கள் குடும்பமாய் ஒரு மேசையைச் சுத்தியிருந்து, அமிர்தம் மாதிரி உறிஞ்சுதுகள். கடைக்கார மனிசியைத் தமிழிலை நல்லாய் ஏசிவிட்டன். அவ சிரிச்சுக்கொண்டு இன்னுமொரு அகப்பை ஊத்தினா.

கொழும்பாலை வாற ஆரிட்டையும் ஒடியல்மா குடுத்துவிடும். அந்த மனிசியிட்டைக் குடுத்துக் காச்சுவிக்கப்போறன். நானே காச்சலாம்தான். ஒருத்தனுக்கெண்டு ஆர் கூழ் காச்சுறது?

பஸ்ஸுக்கு நேரமாச்சு.

உம்மடை,
ஜெயரட்ணம்