பத்துமாடி லிஃப்டின் முதல் ட்ரிப்

செப்டம்பர் 9, செவ்வாய்

பாப்பாவுக்கு மறுபடியும் மூக்கடைப்பு. மூச்சு வருகிறதா என்று விரல் வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

ஜெகதீசன் வேலையிலிருந்து வந்ததும் சட்டைகூடக் கழற்றாமல் பத்துமாடிக் கதை. அம்பத்தூரில் அவர் லிஃப்ட் பார்த்துக்கொள்ளும் பழைய ஆபீஸ் கட்டடம். தீபாவளிக்குப் பிறகு இடிக்கிறார்களாம். அதற்குள் அதன் வரலாற்றை எழுதிவிட ஸ்வாதி என்று ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள்.

"இன்னாமா கேள்வி கேக்குது அந்தப் பொண்ணு! மோட்டார் ரூமுக்கே ஏறி வந்துச்சு விஜி."

நானும் பி.ஏ. வரலாறுதான். என்னை யாரும் எந்த மாடிக்கும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் ஸ்வாதி புராணம். கட்டிய புதிதில் சுற்றிலும் வயலாம். ஆவடி, பூந்தமல்லியிலிருந்தெல்லாம் ஜனம் வேடிக்கை பார்க்க வருமாம். மேகம் நகர்ந்தால் கட்டடம் சாய்கிறது என்று கத்திக்கொண்டு ஓடுவார்களாம். ஐந்தாம் மாடிக்கு மேல் உட்கார மாட்டேன் என்று ஒரு கிளார்க் வேலையையே விட்டாராம்.

"எங்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லியே."

கேட்கவில்லையா? டயாபர் வாங்கினீங்களா, ஏன் லேட்டு — இவ்வளவுதான் கேட்டேனோ? இல்லை. இது அவள் சொல்லிக்கொடுத்த பதில்.

செப்டம்பர் 17

வாட்ஸ்அப்பில் அவள் டிபி பார்த்தேன். சின்ன மூக்குத்தி. மறுபடியும் பார்த்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கீழ்வீட்டு அன்னம்மாள் அக்கா மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "இன்னா விஜி, உன் ஊட்டுக்காரு ஸ்டேசன்லேர்ந்து போன்ல சிரிச்சிகினே வராரு? ஊட்டுக்குள்ள நொழஞ்சா மட்டும் உம்முனு ஆய்ட்றாரு?"

சிரித்து வைத்தேன். உள்ளே வந்து பால் பாட்டிலை அலசிக்கொண்டே அழுதேன். யாருகிட்ட சிரிக்கிறாருன்னு எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 26

பத்துமாடியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று லிஃப்டுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்ததும், முதல் ட்ரிப்பில் லிஃப்ட்காரர் வீட்டுப் பெண்தான் ஏற வேண்டும். முதலாளிக்கே அடுத்த ட்ரிப்தான். அந்தக் காலத்தில் எல்லோரும் லிஃப்டைப் பார்த்து நடுங்க, முதல் ஆபரேட்டர் தன் மனைவியை ஏற்றிக் காட்டினாராம். அதிலிருந்து வந்ததாம். போன வருடம்வரை மாமியார் போனார். இப்போது அவர் இல்லை. நான்தான்.

"இதான் கடைசி பூஜ. ஸ்வாதி வீடியோ எடுக்குது. கண்டிப்பா வரணும் நீ."

எனக்காகவா, வீடியோவுக்காகவா?

அக்டோபர் 1, ஆயுத பூஜை

புடவை எடுத்து வைத்திருந்தேன். பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. லேசாகத்தான். அப்போது அவர் போனில், "நீயே மால வாங்கினு வந்துடு ஸ்வாதி" என்றார்.

நீயாம்!

"கொழந்தைக்கு ஜுரம், நான் வரல. அவளையே மொதல் ட்ரிப்ல ஏத்துங்க. அதானே வேணும்?"

செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மதியம் ஜுரம் இல்லை. பாப்பா பொரியை வாரி இறைக்கிறாள். அங்கே மாலைகளுக்கு நடுவில் அவள் நிற்பாள். நிற்கட்டும்.

அக்டோபர் 2

ஸ்வாதி வீடியோவை என் நம்பருக்கே அனுப்பியிருக்கிறாள். 'பாப்பாவுக்கு எப்படி இருக்கு அக்கா?' என்று கீழே ஒரு வரி.

பூசணிக்காய் உடைகிறது. யாரோ, "ஏறும்மா, நீயே ஏறு" என்று அவளைத் தள்ளுகிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஒரு காலை எடுத்து வைக்கிறாள். இவர் கை குறுக்கே நீளுகிறது. உள்ளே எட்டிப் பத்தாம் பொத்தானை அமுக்குகிறார், கம்பிக் கதவைச் சாத்துகிறார். லிஃப்ட் காலியாக மேலே போகிறது.

"இன்னா ஜெகதீசு, ஆளே இல்லாம அனுப்பிட்ட?"

"ஊட்ல வர முடிலண்ணா. கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல."

எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவளும்தான்.

நேற்று சாப்பிடும்போதுகூட இவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

"மேகம் போனா நெஜமாவே சாயற மாதிரி தெரியுமா?" என்று கேட்டேன்.

"வந்து பாரேன்."

திருநின்றவூரிலிருந்து மூன்று பேருமாக ரயிலேறிப் போனோம். தெரிகிறது. நிஜமாகவே சாய்கிறது. பயந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். லிஃப்டில் மாலை காய்ந்துபோய் இன்னும் அப்படியே தொங்குகிறது. மேலே போகும்போது பாப்பா தும்மினாள். நெற்றியை ஒரே தடவைதான் தொட்டுப் பார்த்தேன்.

ஸ்வாதி தன் புத்தகத்தில் எதை வேண்டுமானாலும் எழுதட்டும். அந்தக் காலி ட்ரிப்பை மட்டும் எழுதக் கூடாது. அது என்னுடையது.