அப்பாவின் ஜன்னலை மூடிய பறவை

அன்பு மகன் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும்போல நினைத்துக்கொள்கிறேன். இங்கே எங்கள் நலத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் வரியை மட்டும் இந்த முறை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நான் குரலை உயர்த்தினால் உடனே உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதோடு இது அப்பா காதில் விழக்கூடாத பேச்சு. அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படி.

நம் கட்டடத்துக்கு முன்பக்கம் மாற்றப் போகிறார்கள் என்று போன வருடமே சொன்னேன் இல்லையா. சுண்ணாம்பு உதிர்ந்து, குழாயெல்லாம் வெளியே தெரிந்து, பார்க்கவே அசிங்கமாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. சங்கத்துச் செயலாளர் எங்கிருந்தோ ஒரு பெண்ணை அழைத்து வந்தார். கட்டடமும் கட்டுவாளாம், சிற்பமும் செய்வாளாம், உன் வயதுதான் இருக்கும். மொட்டை மாடியில் எல்லாரையும் உட்கார வைத்து, திரை கட்டிப் படம் காட்டினாள். முன்பக்கம் முழுவதும் ஓட்டை போட்ட அலுமினியத் தகடு, சின்ன ஓட்டையும் பெரிய ஓட்டையும் சேர்ந்து இறக்கை விரித்த ஒரு பறவை. இனிமே இது வெறும் அடுக்குமாடி இல்ல, தெருவே நின்னு பார்க்கிற சிற்பம் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அப்போ ஜன்னலெல்லாம் என்ன ஆகும் என்று நான்தான் எழுந்து கேட்டேன். செயலாளர் சிரித்துக்கொண்டே, வெளிச்சம் சல்லடையில சலிச்ச மாதிரி மெத்துனு வரும்மா, உட்காருங்க என்றார். எந்த வீட்டு ஜன்னலுக்குப் பறவையின் எந்த இடம் வரும் என்று அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. மேல் மாடிக்காரர்களுக்கு இறக்கை வந்தது, அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, காற்றுக்குக் குறைவில்லை. நமக்கு வந்தது மார்பு. பறவைக்கு மார்பு பளபளவென்று தெரிய வேண்டுமாம், அதனால் அந்த இடத்தில் குண்டூசி நுழைகிற ஓட்டைதான் போட முடியுமாம்.

கால் உடைந்த பிறகு அப்பா படி இறங்குவதில்லை என்பது உனக்குத் தெரியாததா? லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் அவருக்கு இருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர், ரோட்டைப் பார்க்காமல் எப்படி இருப்பார்? கீழே எவன் வண்டியை ரிவர்ஸ் எடுத்தாலும், ஒடிச்சுத் திருப்புப்பா, இன்னும் ஒரு பஸ்ஸே போற இடம் இருக்கு என்று மேலே இருந்து சத்தம் கொடுப்பார். டீக்கடைக்காரரோடு அரசியல் சண்டை, பேப்பர்காரரோடு தலைப்புச் செய்திச் சண்டை. தெருவில் அவருக்கு ரேடியோ என்றே பெயர். கொஞ்சம் வாயை மூடுங்க, ஊரே சிரிக்குது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்போது தகட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே நிற்பவனுக்கு அது பறவை. உள்ளே இருப்பவருக்குத் தகரம், திருகாணி, அந்த இடுக்கில் குடிவந்த புறாக்களின் எச்சம். நடுப்பகலில் லைட் போட்டுச் சாப்பிடுகிறோம். முதலில் அவரும் கேலிதான் செய்தார், பறவை என்னை முழுங்கிடுச்சு, எப்ப வெளிய விடும்னு தெரியல என்று. அப்புறம் கேலியும் நின்றுபோனது. பகலெல்லாம் தூக்கம், தட்டில் பாதிச் சோறு அப்படியே மிச்சம். என்னக்கா, ரேடியோ ரிப்பேரா என்று டீக்கடைக்காரரே என்னிடம் கேட்டுவிட்டார்.

நேரே செயலாளரிடம் போனேன். திறப்பு விழாவுக்கு மேடை எங்கே போடுவது என்று கீழே பத்துப் பேரை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஜன்னல்மேல் இருக்கும் தகட்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றேன். அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? வீடு உங்க பையன் பேர்லதானேம்மா இருக்கு, மார்பு உங்க வீட்டு மேலதான் வருதுன்னு படத்தைக் காட்டியே கேட்டோம், சூப்பர் சார், தாராளமா பண்ணுங்கன்னு அவரே சொல்லிட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா என்றார். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். அது போதாது என்று பக்கத்து வீட்டுப் பெண் தன் போனை நீட்டி, நீ பறவைப் படத்தைப் போட்டு ‘நான் வளர்ந்த வீடு’ என்று எழுதியிருந்ததைக் காட்டினாள். கீழே உன் ஆபீஸ்காரர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்று எழுதியிருக்கிறார்கள். ஆன்ட்டி, இதுல உங்க வீடு எது என்று அவள் கேட்டாள். படத்திலேயே எந்த இடம் அதிகமாக மின்னுகிறதோ அதுதான் என்றேன்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று சாயங்காலம் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. வெயில் சாய்ந்து விழும்போது, இதோ கிளம்பப் போகிறேன் என்பதுபோல இருக்கிறது அந்தப் பறவை. கோணலும் மாணலுமாக எதையோ அடித்து வைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று படம் எடுக்கிறார்கள். ஊரே அந்த இடத்தைப் பார்க்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு மனிதரால் மட்டும் யாரையும் பார்க்க முடியவில்லை.

பறவையைச் செய்த அந்தப் பெண்ணை நானே கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டி வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார வைத்தேன். பெட்ரூம் ஜன்னல்னுதான் பிளான்ல இருந்துச்சு ஆன்ட்டி, பகல் பூரா இங்க ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்னு எனக்குத் தெரியாது என்றாள். ஆனால் இந்த ஒரு தகட்டை எடுத்தால் நெஞ்சில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும், மொத்த வேலையும் பாழ், வேண்டுமானால் பகல் வெளிச்சம் மாதிரியே ஒரு விளக்கு போட்டுத் தருகிறேன் என்றாள். உங்கள் அப்பா உடனே, பரவால்லம்மா, உன் வேலை ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க, இருக்கட்டும் என்கிறார்! எதிரில் வருகிற லாரிக்குக்கூட வழி விடாத மனுஷர்! எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லையடா. ஜன்னலுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். கட்டிலில் இருந்து அந்த நாற்காலிக்கு வர அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் என்பதுகூட உனக்குத் தெரியும். தெரிந்தும் சூப்பர் சார் என்று எப்படிச் சொன்னாய்?

மறுநாள் காலையில் வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டேன். உள்ளே இருந்தபடியே போல்ட்டைக் கழற்றி, தகட்டில் கயிறு கட்டிக் கீழே இறக்கினார். திடுதிப்பென்று அறை முழுக்க வெயில். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார். டேய், கயிறை விடாதே, கீழ நிக்கிறவங்க தள்ளுங்க, இடது பக்கம் விடு, உன் இடது இல்லடா, என் இடது என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் விசில் அடித்தார். செயலாளர் மூச்சிரைக்க மேலே ஓடி வந்து மாடிப்படியிலேயே என்னோடு சண்டைக்கு நின்றார், நானும் விட்டேனா என்ன. அந்தப் பெண் மத்தியானம் வந்து எதிர்ப்பக்கம் நின்று வெகு நேரம் பார்த்துவிட்டு, என்னோடு பேசாமலே போனாள். கண் சிவந்திருந்தது. பாவம், வருடக்கணக்கில் உழைத்திருக்கிறாள். அவளுக்காக எனக்கு வருத்தம் உண்டு, செய்ததற்காக இல்லை.

இப்போது செயலாளர் சொல்வது இதுதான். வீட்டுக்காரர் நீ, நீ சொன்னால்தான் ஜன்னல் திறந்திருக்கும், இல்லாவிட்டால் விழாவுக்கு முன்னால் தகட்டைத் திரும்ப மாட்டிவிடுவாராம். கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே அவரைக் கூப்பிட்டு, அது திறந்தே இருக்கும் என்று சொல். சொல்ல மனமில்லையென்றால் அதையும் சொல்லிவிடு. நாங்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறோம். சின்ன வீடுதான், ஆனால் வாசலைத் திறந்தால் ரோடு. நீ அந்தப் பறவையையே குடி வைத்துக்கொள்.

பல்வலி என்றாயே, டாக்டரைப் பார்த்தாயா? மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாளைத் தள்ளாதே. அக்கா மகள் பரீட்சையில் நன்றாகச் செய்திருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை பேசு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, கோபத்திலும் நான் வேண்டிக்கொள்வது அதுதான். கடைசியாக ஒன்று, மறக்காதே. சரி என்று சொன்னது நீதான் என்பது அப்பாவுக்கு இன்னும் தெரியாது. செயலாளரைத்தான் திட்டித் தீர்க்கிறார். என் பையன் மட்டும் இங்க இருந்திருந்தா இவனுங்களை இப்படிச் செய்ய விட்டிருப்பானா என்று நேற்றுக்கூட கேட்டார். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அதற்கு என்ன பதில் என்று நீயே யோசித்து, நீயே அவரிடம் சொல்.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா