முத்தனின் முதுகில் ஒரு துளை

அரியூர் நாடு, கொல்லிமலை
11.8.2025

கலைமணி டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பையில் இருப்பது, பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்கக் கற்றுத்தரும் பயிற்சி பொம்மை. எங்கள் பெண்கள் இவனுக்கு முத்தன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாடைக்குக் கீழே கழுத்து கிழிந்துவிட்டது. வாய்மேல் முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினால் நெஞ்சு எழும்ப வேண்டும். இப்போது காற்று முழுக்கக் கழுத்து வழியாகப் போய்விடுகிறது. பசை போட்டேன், பிளாஸ்திரி ஒட்டினேன். தலையைச் சாய்த்ததும் விட்டுப்போகிறது.

வருகிற 23-ஆம் தேதி பதினெட்டு பெண்களுக்கு நான் பயிற்சி தர வேண்டும். மழையில் ரோடு அடைபட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை பிறந்த குழந்தைக்கு இவர்கள் கைதான் துணை. வேறு பொம்மை வர இரண்டு மாதம் ஆகுமாம்.

பால்வாடி பொம்மைகளை நீங்கள் சூடு வைத்துச் சரிசெய்து கொடுப்பதாகக் கண்டக்டர் சென்றாயன் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
சுகுணா,
கிராம சுகாதார செவிலியர்


காரவள்ளி
14.8.2025

என் கண்ணு சுகுணாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இரண்டு வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். கூடப் பிறந்தவளை 'டீச்சர் அவர்களுக்கு' என்று எழுதினால் என்ன, 'ழ'வுக்கு நீ போடும் நீள வால் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் சிரிப்புச் செய்தி. பையிலிருந்து முத்தனின் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். "ஏனுங்க, பச்சைக் குழந்தையை இப்படியா பையில போட்டுக் கொண்டுபோவாங்க" என்று ஒரு அம்மா மலைப்பாதையின் எழுபது வளைவும் சென்றாயனைத் திட்டிக்கொண்டே இறங்கினாராம்.

கழுத்து ஒட்டிவிட்டது, கண்ணு. எப்படி என்று சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சால்டரிங் அயர்ன் முனையைத் தட்டித் தேய்த்து, சின்னக் கரண்டி மாதிரி ஆக்கினேன். புகை ஆகாதென்று ஜன்னலைத் திறந்து, முதுகுப் பக்கம் மின்விசிறி வைத்தேன். முதலில் ஒரு பழைய ரப்பர் வாத்தைக் கிழித்துப் பழகினேன். பாவம், அது மூன்று தடவை கருகியது. வெல்லப்பாகு காய்ச்சுவது மாதிரிதான் இது. பதம் தப்பினால் போச்சு. பிளாஸ்டிக் இளகிப் பளபளக்கிற நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். வாத்திலிருந்து வெட்டிய துண்டு முத்தனோடு சேரவில்லை. அவன் கழுத்தின் உள்விளிம்பிலேயே, வெளியே தெரியாத இடத்தில், நூல் மாதிரி சீவி எடுத்துக் கிழிசலில் வைத்து உருக்கினேன். சொந்தத் தோல் இல்லையா, உடனே பிடித்துக்கொண்டது.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் முதுகிலும் ஒரு பொத்தல். நீ கவனிக்கவே இல்லை. அதையும் அடைத்தேன். சைக்கிள் டியூப்பைப் பார்ப்பது மாதிரி தண்ணீரில் அமுக்கினேன், ஒரு குமிழ்கூட வரவில்லை. பத்து மணிக்கு வாயில் ஊதினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், நெஞ்சு அப்போதும் நிமிர்ந்தபடியே இருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகு இவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு வந்ததில்லை.

உன் அக்கா,
கலைமணி


அரியூர் நாடு
16.8.2025

அக்காவுக்கு,

கழுத்து நன்றாக இருக்கிறது. ஆறு பேர் வளைத்துப் பார்த்தோம். அதற்கு நன்றி.

ஆனால் முதுகில் இருந்தது பொத்தல் இல்லை. பொம்மையோடு வந்த துளை. வாயில் போன காற்று வாய் வழியாகவே திரும்ப முடியாது, உள்ளே அடைப்பு இருக்கிறது. முதுகு வழியாகத்தான் மெதுவாக வெளியேறும். இப்போது நெஞ்சு எழும்புகிறது, இறங்குவதில்லை. எழும்பி இறங்கினால்தானே மூச்சு? பயிற்சிக்கு வரும் சின்னாயி பார்த்துவிட்டு, "இழுத்ததை உடவே மாட்டேங்கறானே நர்சம்மா, நம்ம மேல கோவமா இருக்கானோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

டியூப்புக்குக் காற்று உள்ளே நின்றால் போதும். குழந்தைக்குப் போதாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இடமாறுதல் மனு விஷயத்திலும் இதைத்தான் சொன்னேன். மலையில் தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறாள் என்று நீங்களே முடிவு செய்து, என் பெயரில் மனு எழுதி, என் கையெழுத்தையும் நீங்களே போட்டீர்கள். வந்த உத்தரவை ரத்து செய்ய நாலு மாதம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தேன். எனக்கு இங்கே எந்தப் பொத்தலும் இல்லைங்க அக்கா.

முத்தனைத் திருப்பி அனுப்புகிறேன். ஏழு நாள்தான் இருக்கிறது.

சுகுணா


காரவள்ளி
18.8.2025

கண்ணு,

ஊசியையும் முத்தனையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துளை எவ்வளவு பெரியது? அடைக்கிற அவசரத்தில் நான் அளவு பார்க்கவில்லை. பெரிதானால் நெஞ்சு எழும்பாது, சிறிதானால் இறங்காது. நீ சொல்லாமல் கை வைக்கமாட்டேன்.

மனுவைப் பற்றி நாலு தாள் காரணம் எழுதிக் கிழித்துப்போட்டேன். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை வேறு வழியில் போட்ட சரியான கணக்குக்கு நான் தப்பு போட்டேன், ஒருமுறை. அவள் நோட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். அடுத்த நொடியே திருத்தினேன். உன் நோட்டு இரண்டு வருஷமாக என் முன்னால் இருக்கிறது. உன்னைக் கேட்காதது தப்பு. உன் கையெழுத்தைப் போட்டது அதைவிடப் பெரிய தப்பு.

அக்கா


அரியூர் நாடு
19.8.2025

அக்கா,

போன தை மாதம் களத்து மேட்டில் பயிற்சி நடத்தினோம். அப்போது ஒரு ராகி மணி அந்தத் துளைக்குள் போய்விட்டது. பக்கத்திலேயே வரகும் காய்ந்தது, அது போகவில்லை. அதுதான் அளவு. ராகி நுழையணும், வரகு நுழையக் கூடாது. இரண்டிலும் நாலு நாலு மணி இந்தத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

சுகுணா


காரவள்ளி
20.8.2025

கண்ணு, என் சாமி,

மூச்சு விடுகிறான்! ஊசியைக் காய்ச்சி, ஒரு குத்து, ஒரு ராகி. நுழையவில்லை. மறுபடி கொஞ்சம். இப்படி ஆறு தடவை. ஏழாவது தடவை ராகி சத்தமில்லாமல் உள்ளே விழுந்தது. வரகு வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே போன ராகியைக் குலுக்கி எடுக்கத்தான் அரை மணி நேரம் ஆயிற்று.

வாயில் ஊதினேன். நெஞ்சு எழும்பியது, நான் ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் தானாக இறங்கியது. பக்கத்து வீட்டுப் பூபதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முப்பது தடவை ஊதிப் பார்த்துவிட்டு, "டீச்சர், எனக்குத்தான் இப்ப மூச்சு வாங்குது" என்று உட்கார்ந்துவிட்டார்.

துளையைச் சுற்றி நான் முதலில் அடைத்த தழும்பு வட்டமாகத் தெரிகிறது. சூடு வைத்து மழுப்பிவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. கை பரபரக்கிறது. உன்னைக் கேட்காமல் செய்யவில்லை. அப்படியே அனுப்புகிறேன். இந்தத் தடவை இரண்டு காலையும் பைக்குள் மடித்திருக்கிறேன்.

உன் அக்கா


அரியூர் நாடு
23.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பயிற்சி இப்போதுதான் முடிந்தது. பதினெட்டு பேரும் வந்தார்கள். சின்னாயிதான் முதலில் முகமூடியைப் பிடித்தார். மூன்றாவது அழுத்தில் முத்தன் நெஞ்சு எழும்பி இறங்கியதும், "கோவம் தீந்துருச்சுங்க நர்சம்மா" என்றார். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

தழும்பு அப்படியே இருக்கட்டுங்க. அதைக் காட்டித்தான், எந்த இடத்தை அடைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். யார் அடைத்தது என்று கேட்டார்கள். எங்கள் அக்கா என்றேன். கழுத்தை ஒட்டியதும் அவர்தான் என்றேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். போன் பண்ணுங்க, எடுக்கிறேன்.

உங்கள் தங்கை,
சுகுணா