பத்து மணி நேரம் நானும் உட்காருவேன்

அன்பு மகள் அறிவுமதிக்கு, பிள்ளைப்பாக்கத்திலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், பிராங்க்பர்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கக் குன்றத்தூர் முருகன் துணை. போனில் பேசலாமே என்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், குரூப் காலில் உன் மாமியார் முகம்தான் முன்னால் நிற்கிறது, அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன்.

போன வாரம் சம்பந்தியம்மா சொன்னதைக் கேட்டாய் அல்லவா, துபாயிலிருந்து ஏழு மணி நேரம்தான், சென்னையிலிருந்து பத்து, கங்கா சம்பந்திக்கு எதற்கு வீண் அலைச்சல், நான் பக்கத்தில்தானே இருக்கிறேன், பிரசவத்துக்கு நானே வந்துவிடுகிறேன் என்று. துபாய் எப்போது உனக்குப் பக்கத்துத் தெரு ஆனது? அவர் சொன்னதுகூடப் போகட்டும், நீயும் ஆமாம்மா, உனக்கு முட்டி வலி, அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றாயே, அதுதான் வயிறு எரிகிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வருவதுதான் வழக்கம், இந்த மாதத்தில் நீ விமானம் ஏற முடியாது, சரி, அம்மா உன்னிடம் வரக்கூடாதா? ஒரகடம் கம்பெனி கேன்டீனில் ஷிப்ட் முழுக்க நின்றே சாதம் போடுகிறவளுக்கு உட்கார்ந்து வருவதா கஷ்டம்? மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பொறாமைதான். உனக்கு அவர் பத்தியச் சோறு பிசைந்து கொடுப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் நேற்று லீவு போட்டு உட்கார்ந்தே பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்போடு சேர்த்து, விமான பெல்ட் மாதிரி உன் பழைய துப்பட்டாவைக் கட்டிக்கொண்டேன். உன் அப்பா தட்டோடு வந்து, "இன்னா மேடம், இட்லியா உப்புமாவா, ஜன்னலாண்ட சீட்டு வோணுமா" என்று ஒரே கிண்டல். எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு, "இன்னாக்கா, அண்ணன் உன்னைக் கட்டிப் போட்டுட்டாரா" என்று பதறி ஓடிவந்தாள். காலையில் உட்கார்ந்தவள் பாத்ரூமுக்குத் தவிர சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் முட்டி பிடித்துக்கொண்டது என்று உன் அப்பா சொல்வார், நம்பாதே.

பாஸ்போர்ட் வந்து பீரோவில் இருக்கிறது. சம்பந்தியம்மா கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் நான் கிளம்பினால் கணக்கு சரியாகிவிடும், கம்பெனி பஸ்களுக்கு நடுவில் ஏர்போர்ட் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்கிறேன். நீ குனிந்து பாரம் தூக்காதே, இரும்பு மாத்திரையை மறக்காதே.

பிள்ளையை யார் முதலில் தூக்கினால் என்ன, நல்லபடியாகப் பிறந்தால் போதும் என்று பெருந்தன்மையாக முடிக்கத்தான் நினைத்தேன். கை எழுத மாட்டேன் என்கிறது. நான்தான் தூக்க வேண்டும்.

மூவரும் நீடூழி வாழ்க. விசாவுக்கு உன் அழைப்புக் கடிதத்தை இந்த வாரமே அனுப்பு, இதை குரூப்பில் போட்டுவிடாதே.

பத்து மணி நேரம் தள்ளியிருக்கும்
உன் அம்மா,
மு. கங்கா