கேட்பாரற்றுப் போன சமிக்ஞை

மழை பொய்யாதிருக்க, மழை மிகாதிருக்க. கீழாற்று நாட்டு அரசியார், முத்தூர் அணையை உடையவர், குடிகளுக்குத் தாயானவர் நன்மாவேண்மாள் திருமுன்பு, மேலாற்று மன்னர் பொறையாதனார் ஆணையால் பேரமைச்சர் கூற்றங்குமரனார் விடுக்கும் ஓலை. தங்கள் குடைநிழலில் ஒரு வீடும் நனையாதிருக்க. வாழ்த்தை நீட்ட நேரமில்லை, பொறுத்தருள்க.

மேலாற்று அணையின் மதகுகளைத் திறந்து மூடும் கணிப்பொறி நெடுங்காலம் ஒரு பழைய இயங்குதளத்தில் ஓடியதும், அதைச் செய்தவர்கள் அதனைக் கைவிட்டமையால் மதகு நிரல் முழுவதும் புதிய இயங்குதளத்துக்குப் பெயர்க்கப்பட்டதும், அதன் படியொன்று நட்பின் பரிசாகத் தங்கள் முத்தூர் அணைக்கு வந்ததும் தாங்கள் அறிந்தவையே. பெயர்த்தவள் அரண்மனை நிரலர்களின் தலைவி தழைநங்கை. முத்தூரில் நிறுவிக் கொடுத்தவளும் அவளே. மேளதாளத்தோடு அனுப்பிய பரிசு இன்று வினையாக வந்து நிற்கிறது.

அந்நிரலுக்குள் இரண்டு இழைகள் இரண்டு ஏவலரைப் போல ஒரே வேளையில் உழைக்கின்றன. ஒன்று நீர்மட்டத்தைப் பார்த்திருந்து, எல்லை தாண்டியதும் சமிக்ஞை கொடுக்கும். மற்றொன்று அதுவரை உறங்கி, சமிக்ஞை கேட்டதும் விழித்து மதகைத் திறக்கும். பழைய தளத்தில் கொடுத்த சமிக்ஞை மாடத்தில் ஏற்றிய விளக்கு. எடுப்பவர் வரும்வரை அணையாது. புதிய தளத்திலோ அது வெறும் கைதட்டல். அந்நேரம் காத்திருப்பவர் கேட்டால் உண்டு, இல்லையேல் காற்றோடு போயிற்று. தழைநங்கை பழைய கட்டளை ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய கட்டளையை வைத்துப் பெயர்த்தாள். சோதனைகளில், மதகைத் திறக்கும் மதகிழைக்கு வேறு வேலையில்லாமல் அது எப்போதும் காத்தே கிடந்தது. ஆகவே ஒருமுறையேனும் தவறு நேரவில்லை. அவையோரும் மகிழ்ந்து தலையசைத்தனர்.

நேற்று நண்பகல் இங்குப் பெய்த பெருமழையில், மதகிழை முந்தைய திறப்பைப் பற்றிய குறிப்பை எழுதிக்கொண்டிருந்தபோது நீர் எல்லை தாண்டிற்று. கை தட்டப்பட்டது, கேட்பாரில்லை. எழுதி முடித்த இழை மீண்டும் உறங்கப் போயிற்று. தட்டிய இழையோ தன் கடன் முடிந்ததென்று வாளாவிருந்தது. திரையில் எல்லாம் நலமென்று பச்சை ஒளிர்ந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? காவலர் ஓடிவந்து, கரையின் மேற்படியில் அலை மோதுகிறது என்று முறையிட்ட பின்னரே தழைநங்கை விழுந்தடித்துச் சென்று, ஆட்களைக் கூட்டிக் கைச்சக்கரங்களைச் சுழற்றச் செய்தாள். இவ்வணை மயிரிழையில் பிழைத்தது.

பிழைத்த மகிழ்ச்சி அவள் முகத்தில் இல்லை. நிரலின் முன் அமர்ந்து காரணத்தைக் கண்ட கணமே, முத்தூர், முத்தூர் என்று பிதற்றலானாள். அங்கும் அதே நிரல். அங்கும் அதே மழை. அணையின் காலடியில் தங்கள் தலைநகர். மதகடியில் காவற்பணி புரிபவன் அவள் உடன்பிறந்த தம்பி வெண்ணாகன். கணிப்பொறி வந்தபின் அங்குள்ள கைச்சக்கரங்கள் பூட்டப்பட்டு, திறவுகோல் தங்கள் திருக்கையில் இருப்பதும் அவளுக்குத் தெரியும். செய்திக்கம்பிகள் மழையில் அறுந்து கிடக்கின்றன. குதிரைக்குச் சேணம் பூட்டச் செய்தபடியே அவள் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகின்றனர்.

ஆகையால் வேண்டப்படுவது யாதெனில், கணிப்பொறியை நிறுத்தி, ஆட்களைக் கொண்டு மதகுகளைத் திறப்பிக்க. திரை பச்சையாயிருப்பினும் திறப்பிக்க. கரையோரத் தெருக்களில் உள்ளோரை மேட்டுக்கு ஏற்றுக. சமிக்ஞையை மட்டும் நம்பாது, நீர் மிகுந்ததென்ற அடையாளத்தை ஒரு வேளையில் ஓரிழையே தொடும்படி நிரலுக்குள் பூட்டிக் காத்து, உறங்குமுன்னும் விழித்தபின்னும் இழை அதைப் பார்த்தேயாக வேண்டும் என்னும் திருத்தத்தை வெயில் வந்தபின் பேசிக்கொள்ளலாம். தங்கள் அவையோர் வழக்கப்படி மறுஓலை விடுத்து உறுதி கேட்க எண்ணக்கூடும், வேண்டா. வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

இதற்கு மேலாற்று நாரை முத்திரை சான்று. முத்திரை கலைந்திருப்பின் ஐயுற வேண்டா. அரக்கு இறுகும்வரை நிற்கக் கொண்டுவருபவளுக்குப் பொறுமையில்லை. அமைச்சர் தடுத்தும் கேளாமல், குதிரையேறித் தழைநங்கையே இதனைக் கொணர்கிறாள். திருமுன்பு வணங்கவும் மறப்பாள், பொறுத்தருள்க. ஆசனமும் அருந்த நீரும் பின்னர் அளிக்கப்படுக. முதலில் திறவுகோலைத் தருக.